அரண்மனைக்குப் போகும் வழியில் ஒரு குழந்தை வண்டி

கோப்பன்ஹேகனுக்கு எத்தனை தடவை போயிருப்பேன்? விமான நிலையம், பாஸ்போர்ட் அலுவல், யாருடைய கல்யாணமோ... ஊர் பார்க்கவென்று போனது போன சனிக்கிழமைதான். அதுவும் மட்டக்களப்பிலிருந்து வந்திருந்த அக்காவின் புண்ணியத்தில்.

அக்காவுக்கு ஒரே ஒரு ஆசை. அரண்மனை முற்றத்தில் மதியம் பன்னிரண்டு மணிக்குக் காவல் மாறுவார்களே, உயரமான கரடித்தோல் தொப்பி வைத்த வீரர்கள் — அதைப் பார்க்க வேண்டும். மறுநாள் அவருக்கு விமானம். அன்று விட்டால் பிறகு இல்லை.

நான் இருக்கும் ஹோர்சன்ஸிலிருந்து காலை ரயில் எடுத்தோம். சும்மா சொல்லக்கூடாது, என்ன அழகான நகரம்! கால்வாய்க் கரையில் மஞ்சளும் சிவப்புமாய் நெருக்கியடித்து நிற்கும் பழைய வீடுகள். பச்சை பூத்த செப்புக் கோபுரங்கள். அரசர் காலத்துக் கட்டடத்தின் கீழே சாவகாசமாய் ஒரு சைக்கிள் கடை. அக்கா வாயைப் பிளந்தபடி நடந்தார். நானும்தான் — முப்பது வருடம் இந்த நாட்டில் இருந்துகொண்டு!

பதினொன்றே முக்கால். அரண்மனைக்கு இன்னும் இரண்டு தெரு. அக்கா சட்டென்று நின்றுவிட்டார். ஒரு கஃபே வாசலில் குழந்தை வண்டி. உள்ளே குழந்தை நன்றாகப் போர்த்திக்கொண்டு தூங்குகிறது. பக்கத்தில் ஆளில்லை.

“தம்பி, புள்ளைய விட்டுட்டுப் போயிட்டாளுகள்!”

“இல்லையக்கா. தாய் உள்ளுக்க கோப்பி குடிக்கிறா. குளிர்காத்துப் பட்டா நல்லா நித்திரை கொள்ளும் எண்டு வெளிய விடுவாங்கள். இஞ்சத்த வழக்கம்.”

“ஆரும் தூக்கிட்டுப் போனா?”

“ஒருத்தரும் தூக்க மாட்டாங்கள்.”

அக்கா நம்பவில்லை. வண்டியைத் தொடாமல், ஓர் எட்டுத் தூரத்தில் கைகட்டி நின்றுகொண்டார்.

“நீ போய்ப் பார். நான் வரல்ல.”

விட்டுவிட்டுப் போக முடியுமா? நானும் நின்றேன். பன்னிரண்டானது. தூரத்தில் பேண்ட் வாத்தியம் கேட்டது. நான் அந்தப் பக்கம் எட்டி எட்டிப் பார்த்தேன்.

கால் மணி நேரம் கழித்துத் தாய் வெளியே வந்தாள். கோபித்துக்கொள்வாளோ என்ற பயத்துடன் விஷயத்தைச் சொன்னேன். முதலில் சிரித்தாள். பிறகு அக்காவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

கோபுரங்களை விட அந்த வண்டிதான் எனக்குப் பெரிய அதிசயம். பயமில்லாமல் பிள்ளையைத் தெருவில் தூங்கவிடுகிற ஊர்! பொறாமையாகக்கூட இருந்தது. என் இரண்டு மகள்களும் இதே நாட்டில்தான் வளர்ந்தார்கள். ஒருநாளாவது வண்டியை வெளியே விட்டிருப்போமா? யுத்தத்துக்குள்ளிருந்து வந்தோம் என்பது, வண்டியைப் பிடித்த எங்கள் கைகளுக்கு மறக்கவில்லை.

திரும்பும்போது ரயிலில் ஆறாமல் சொன்னேன். “காவல் மாறுறதப் பாக்கக் கிடைக்கல்லையே அக்கா.”

“ராசாவுக்குக் காவல் நிக்க அத்தனை பேர் இருக்காங்கதானே... அந்தப் புள்ளைக்கு ஆர் இருந்தாங்க?”