கண்ணாடியில் வைத்த பொட்டு

கோவிந்தசாமி குதிரைவண்டி ஓட்டிக்கொண்டிருந்தவர். 1912-இல் அவருடைய முதலாளி, ஜவுளி வியாபாரி அப்துல் அலீம் மரைக்காயர், மோட்டார் கார் வாங்கியபோது வண்டிக்காரரையே டிரைவராக்கிவிட்டார். அதோடு கோவிந்தசாமிக்குத் தலைகால் புரியவில்லை. சிராங்கூன் ரோட்டில் பழைய கூட்டாளிகளைக் கண்டால் ஹாரனை அடித்துவிட்டுத்தான் போவார்.

அந்தக் காலத்துக் காருக்கு எண்ணெய் என்பது ஊற்றி மூடிவிட்டு மறந்துபோகிற காரியமல்ல. டிரைவருக்கு எதிரே ஒரு பித்தளைத் தொட்டி, அதன் அடியில் திருகு, திருகுக்குக் கீழே கண்ணாடிக் குழாய். திருகைத் திறந்தால் எண்ணெய் கண்ணாடிக்குள் சொட்டுச் சொட்டாக விழுந்து எஞ்சினுக்குப் போகும். உள்ளே இரும்பும் இரும்பும் உரசாதபடி நடுவே மெல்லிய படலமாக நிற்கும். பிறகு எரிந்து நீலப் புகையாகப் பின்பக்கம் போய்விடும், தொட்டிக்குத் திரும்பாது. ஆகவே வண்டி ஓடுகிற மட்டும் சொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். மேடு ஏறினால் திருகை இன்னும் கொஞ்சம் திறக்க வேண்டும், வண்டி நின்றால் மூட வேண்டும். கோவிந்தசாமிக்கு ஒரு கண் பாதையில் என்றால் மறு கண் கண்ணாடியில். கெட்டிக்காரர்தான், அதில் குறை சொல்ல முடியாது.

ஆயுத பூஜை வந்தது. காரைக் கழுவி மாலை போட்டார். பொட்டு எங்கே வைப்பது? குதிரைக்கு நெற்றி இருந்தது, இதற்கு எது நெற்றி? எண்ணெய் விழும் கண்ணாடிதான் வண்டிக்கு உயிர் என்று அவருக்குப் பட்டது. அதன்மேல் சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமம் வைத்தார். மரைக்காயர் வந்து பார்த்து, வண்டிக்குக் கல்யாணக் களை வந்துவிட்டது என்று சிரித்தார்.

மறுநாள் காலை இருவரும் ஊருக்கு வெளியே புக்கிட் தீமா குன்றுப் பக்கம் புறப்பட்டார்கள். பூஜையில் வைத்த பொட்டைக் கையால் அழிப்பதாவது! தானாக உதிரட்டும் என்று கோவிந்தசாமி விட்டுவிட்டார். புறப்படுகிற அவசரத்தில் திருகைத் திறக்கவும் மறந்தார். மற்ற நாளாயிருந்தால் கண்ணாடி காட்டிக்கொடுத்திருக்கும். அன்று அவர் பார்த்தபோதெல்லாம் சந்தனம்தான் தெரிந்தது.

மேட்டில் எஞ்சின் முனகியது. இரும்பு காய்கிற நாற்றம் வந்தது. ஒரு குலுக்கலோடு வண்டி நின்றது. எஞ்சினைக் கிளப்பும் கைப்பிடியை முன்னால் செருகிச் சுற்றினார், அசையவில்லை. எண்ணெயில்லாமல் உரசிச் சூடேறிய இரும்பு ஒன்றையொன்று கவ்விக்கொண்டுவிட்டது.

மரைக்காயர் மாட்டுவண்டிக்காரன் எவனாவது கிடைப்பானா என்று தேடி நடந்தார். கோவிந்தசாமி திருகைத் தொட்டார். மூடியிருந்தது. இப்போது திறந்துவிட்டால் யாருக்கும் தெரியாது, யந்திரக் கோளாறு என்று போய்விடும். தெரிந்தால் மறுபடி குதிரை லாயம்தான், அதுவும் எவராவது சேர்த்துக்கொண்டால். சுற்றுமுற்றும் பார்த்துத் திருகைத் திறந்தார். சந்தனத்தைத் துடைத்தார். ஓடாத எஞ்சினுக்குள் எண்ணெய் ஒழுங்காகச் சொட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்க அவருக்கே வெட்கமாக இருந்தது. மூடிவிட்டார்.

மரைக்காயர் திரும்பி வந்ததும் கோவிந்தசாமி சொன்னார்: "மொதலாளி, திருகத் தொறக்க மறந்துட்டேன். பொட்டு மறைச்சிருச்சு. வண்டி மேல குத்தமில்ல."

மரைக்காயர் கூட்டிவந்த வண்டிக்காரனிடம் மாடுகளைக் காரில் பூட்டச் சொன்னார். மாடுகள் காரை இழுத்தன. வழியெல்லாம் வேடிக்கை பார்க்க ஆளுக்குக் குறைவில்லை. புல் தின்கிற மோட்டார் இதுதானா என்று சிராங்கூன் ரோட்டில் ஒருவன் விசாரித்தான். கோவிந்தசாமி ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தார்.

வீட்டு வாசலில் இறங்கியதும் கைப்பிடியை எடுத்து முதலாளியின் காலடியில் வைத்துவிட்டு நடக்கத் தொடங்கினார். மரைக்காயர் கூப்பிட்டு நிறுத்தி, அதை அவர் கையிலேயே திணித்தார்.

"அடுத்த வருஷம் பொட்ட என் நெத்தியில வேணும்னாலும் வையி, கோவிந்து. அந்தக் கண்ணாடியில மட்டும் வைக்காத."

நடுத்தெரு என்றும் பாராமல் கோவிந்தசாமி அழுதுவிட்டார்.