அறுப்பு மெஷின்காரரின் ஹாட்ஸ்பாட்

சென்ற ஆண்டு பொங்கல் முடிந்த கையோடு, உத்திரமேரூர் பக்கம் மானாம்பதியில் எங்கள் வீட்டு வாசலில் நடந்தது இது. குழந்தை பிறந்தபோது விட்ட கம்ப்யூட்டர் வேலைக்கு மறுபடி முயன்றுகொண்டிருந்தேன். போன இடமெல்லாம் "இத்தனை வருஷம் சும்மாவா இருந்தீங்க?" என்றார்கள். பிள்ளை வளர்ப்பது சும்மா இருப்பதாம். ஒரே ஒரு கம்பெனி மட்டும் பரீட்சை வைத்தது. மாக் சர்வர் ஒன்று செய்து, இணையத்தில் ஏற்றி, லிங்க் அனுப்ப வேண்டும். பெரிய வித்தை ஒன்றுமில்லை. உண்மையான சர்வர் தயாராகும்வரை, கேட்டதற்கு மாதிரி பதில் சொல்லிக்கொண்டு ஒப்புக்கு நிற்கும் சர்வர், அவ்வளவுதான்.

அனுப்பினேன். மறுநாள் காலை கம்பெனி மேடத்திடமிருந்து மெசேஜ். நான் அனுப்பிய லிங்க் என் லேப்டாப்பில் மட்டும்தான் திறக்குமாம். இணையத்தில் ஏற்றாமலே முகவரியை அனுப்பியிருக்கிறேன். பன்னிரண்டு மணிவரை நேரம் கொடுத்தார், புண்ணியவதி.

ஏற்ற உட்கார்ந்தால் நெட் இல்லை. வெளியே வந்து பார்த்தேன். தெருவில் போன நெல் அறுக்கும் மெஷின், தாழத் தொங்கிய கேபிளை அறுத்துவிட்டு நின்றிருந்தது. கேபிள்காரர் சாயங்காலம்தான் வருவார் என்றார்கள் பக்கத்து வீட்டில். என் செல்போனுக்கு எங்கள் தெருவில் சிக்னலே கிடையாது.

சண்டை போடத்தான் போனேன். வாயைத் திறந்ததும் அழுகை வந்துவிட்டது.

"இன்னாம்மா, இன்னா ஆச்சு?" என்று இறங்கி வந்தார் டிரைவர். சொன்னேன். பாதிதான் புரிந்திருக்கும். தன் போனில் ஹாட்ஸ்பாட் போட்டு என் கையில் கொடுத்தார். "இதுல நெட் நல்லா கீது. நான் தெருக்கோடி வயல்லதான் அறுத்துக்கினு இருப்பேன். கால் வந்தா கட் பண்ணிடு."

போன் ஓயாமல் அடித்தது. அடிக்கும்போதெல்லாம் நெட் நின்றது. அறுவடை நேரத்தில் மெஷின்காரருக்கு வரும் ஒவ்வொரு போனும் ஒரு வயல். மனசு கேட்காமல் ஒன்றை எடுத்து, "அண்ணன் வயல்ல இருக்காருங்க" என்றேன். "அப்போ வேற மெஷினப் பாத்துக்கறேன்" என்று வைத்துவிட்டார் கூப்பிட்டவர். போனை எடுத்துக்கொண்டு வரப்புக்கு ஓடினேன். "போதும்ண்ணே, வாங்கிக்கங்க. உங்க பொழப்பு கெடுது."

மெஷினை நிறுத்தினார். "உன்னுது ஏறிச்சா?"

"இன்னும் இல்லண்ணே."

"அப்பால இன்னாத்துக்கு ஓடியாந்த? போம்மா, போயி முடி. போற வயல் போவட்டும்."

லேப்டாப்பையும் கையோடு கொண்டுவந்திருந்தால் வரப்பிலேயே முடித்திருப்பேன். திரும்பி வீட்டுக்கு ஓடினேன். பன்னிரண்டுக்குக் கொஞ்சம் முன்னால் லிங்க் போனது, திறந்தது. வேலையும் கிடைத்தது.

போனைத் திருப்பிக் கொடுத்தபோது நன்றி சொல்லத் தெரியாமல் கையைக் கூப்பினேன். அவர் சிரித்துவிட்டு, விட்டுப்போன நம்பர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட ஆரம்பித்தார். பெயர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை நான். அவர் எங்கிருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும். இன்று யாராவது உதவி கேட்டு, 'இப்போது நேரமில்லை' என்று சொல்ல நான் வாயெடுத்தால், அவர் எனக்காக எடுக்காமல் விட்ட அந்தப் போன் இன்னும் என் காதில் அடிக்கிறது.