படத்தில் வெள்ளம் முன்வாசல் வழியே வரும்

ஒரகடத்தில் நாங்கள் மூன்று பேர் ஒரே வாடகை வீட்டில் தங்கியிருந்த காலத்தில், ஓவர்டைம் இல்லாத ஞாயிற்றுக்கிழமை என்றால் பேரழிவுப் படம்தான். தமிழில் டப்பிங் செய்த ஏதாவது ஒன்றை டி.வி.யில் போட்டுவிட்டுப் பாயில் உட்காருவோம். நான் தரம் பார்க்கும் பிரிவில் இருந்தேன். வந்தவாசிப் பக்கத்து நண்பன் தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில், திருநெல்வேலிக்காரன் அசெம்பிளி லைனில்.

எங்கள் கம்பெனியில் தேறாத பாகத்துக்கு என்.ஜி. என்று சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவோம். சரிசெய்தால் தேறும் என்றால் ரீவொர்க், மஞ்சள். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. படத்தில் அறிவியல் இடித்தால் முதலில் 'என்.ஜி.' சொல்கிறவனுக்கு அன்று பாத்திரம் கழுவும் வேலை இல்லை. ஆனால் காரணம் சொல்ல வேண்டும். எரிமலைக் குழம்புக்கு மேலே கயிற்றில் தொங்கியபடி கதாநாயகன் வசனம் பேசினால் என்.ஜி. குழம்பு தொடவே வேண்டாம், அனலிலேயே கயிறு கருகிவிடும். விண்வெளியில் கல் வெடித்துச் சத்தம் கேட்டால் என்.ஜி. பிளந்த தரை ஒரு காரைத் துரத்திக்கொண்டு தெருமுனையில் வளைந்தபோது திருநெல்வேலிக்காரன் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது.

"பூமி இண்டிகேட்டர் போடாம திரும்புது பாருல."

புத்தகம் படிக்கிற பழக்கத்தால் நான்தான் அதிகம் ஜெயித்தேன். பாத்திரம் பெரும்பாலும் வந்தவாசிக்காரன் தலையில் விழுந்தது.

ஒரே ஒரு காட்சிக்கு மட்டும் யாரும் என்.ஜி. சொன்னதில்லை. வெள்ளம் பெரிய இரைச்சலோடு சுவர் போல எழும்பித் தெருவில் வரும், வாசற்கதவைப் பெயர்த்துக்கொண்டு உள்ளே பாயும். அது சரிதான் என்றே நினைத்திருந்தோம்.

அந்தக் கார்த்திகையில் மழை விடவில்லை. தினசரிக் காலண்டரில் வெள்ளம் வந்த செவ்வாய்க்கிழமைத் தாளை நான் இன்னும் வைத்திருக்கிறேன். காலையில் கம்பெனி பஸ் வரவில்லை. ஏரி நிரம்பிவிட்டது என்று தெருவில் பேச்சு. வந்தவாசிக்காரனின் முகம் மாறிவிட்டது. தை மாதம் அவன் தங்கைக்குக் கல்யாணம். முந்தின வாரம்தான் வாலாஜாபாத் வழியாகக் காஞ்சிபுரம் போய் முகூர்த்தப் புடவை எடுத்து வந்திருந்தான். அது முன்னறை அலமாரியில் இருந்தது.

"தண்ணி இப்டித்தான மச்சான் வரும், பின்னாடி வெச்சிடலாம்" என்றான் வாசலைக் காட்டி. எனக்கும் அது நியாயமாகப் பட்டது. வாசலிலிருந்து அதிக தூரம், குளியலறையை ஒட்டிய மூலைதான். புடவைப் பெட்டியை அங்கே தரையில் வைத்தோம். பிறகு மூவரும் சிமென்ட் சாக்குகளில் மணல் அள்ளி வாசலில் அடுக்கினோம். கதவருகே நின்று இரைச்சலுக்காகக் காத்திருந்தோம்.

இரைச்சல் வரவே இல்லை. குதிகாலில் ஏதோ சில்லென்றது. திரும்பினால், குளியலறைச் சாக்கடைத் துளை வழியே தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. ஒரு சத்தமும் இல்லை. தெரு இன்னும் வெறும் ஈரமாகத்தான் இருந்தது. பெட்டியின் அடி ஊறிப்போயிருந்தது.

புடவையைப் பிரித்துப் பார்த்தால், தலைப்பின் ஓரத்தில் கரையின் சிவப்புச் சாயம் இளகி, புடவையின் சந்தன நிறத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் பரவியிருந்தது. அவன் மணல் மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டான்.

"சாக்கடத் தண்ணி பட்டுகீதுன்னு அவகிட்ட எப்டிடா சொல்லுவேன்."

அன்று மாலையே போனில் சொல்லிவிட்டான். அவன் அம்மா வேறு புடவை எடுக்கச் சொன்னார். தங்கையோ, அண்ணன் எடுத்ததைத்தான் கட்டுவேன் என்று சொல்லிவிட்டாளாம். எடுத்த கடையிலேயே கொடுத்து அலசி வாங்கினோம். கறை மங்கியது, முழுதாகப் போகவில்லை.

தையில் கல்யாணத்துக்கு நாங்கள் போயிருந்தோம். தாலி கட்டி முடிந்ததும், மேடையில் அவளே எங்களைக் கூப்பிட்டாள். எங்கள் ஸ்டிக்கர் கதையெல்லாம் அவளுக்குத் தெரியும். தோளிலிருந்த தலைப்பைத் திருப்பிக் காட்டினாள்.

"மூணு பேரும் பாத்துச் சொல்லுங்கண்ணா. இதுக்கு இன்னா ஸ்டிக்கரு?"

வந்தவாசிக்காரன் தலைகுனிந்துகொண்டான். திருநெல்வேலிக்காரன் குனிந்து, லைனில் பாகத்தைப் பார்ப்பது போலப் பார்த்தான்.

"ரீவொர்க் முடிஞ்சிட்டும்மா. ஓகே."

இப்போது மூவரும் வேறு வேறு ஊரில் இருக்கிறோம். பாத்திரத்தை அவரவர் வீட்டில் அவரவர் கழுவுகிறோம். போன ஞாயிற்றுக்கிழமை வந்தவாசிக்காரன் போன் செய்தான்.

"டி.வி.யப் போடு மச்சான். தண்ணி வாசல் வழியா வந்துகினு கீது."

என்.ஜி. என்றேன். காரணம் கேட்கவில்லை அவன்.