தாராவியில் ஒரு ஸ்காட்ச் மூக்கு

மதுவிலக்கு அமலில் இருக்கும் பம்பாயில், ஸ்காட்ச் விஸ்கியைப் பற்றி எனக்குப் பாடம் எடுப்பவள் அதில் ஒரு சொட்டுகூடக் குடித்ததில்லை. செல்லம்மாள், திருநெல்வேலிக்காரி, தாராவியில் காலிப் பாட்டில் வியாபாரம் செய்கிறாள். பெர்மிட் வைத்துக் குடிக்கும் பெரிய வீடுகளின் பாட்டில்கள் கொட்டகை முழுக்கக் கிடக்கின்றன. ஒன்றைத் திறந்து என் மூக்கருகே நீட்டுகிறாள்.

"இது தீவுச் சரக்கு அண்ணாச்சி. புகையும் ஆஸ்பத்திரி மருந்தும் சேந்து அடிக்கும். இந்தா, இது மலைநாட்டுச் சரக்கு. தேன் கணக்கா இருக்கும்."

தீவு, மலை என்பதெல்லாம் ஒரு கப்பல் சமையல்காரர் சொன்னதாம். மற்றதை மூக்கே படித்துக்கொண்டது.

வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் உள்ளே வருகிறார். நம் ஊர்ப் பேச்சுதான். லேபிள் கிழியாத ஸ்காட்ச் பாட்டில் மட்டும் வேண்டுமாம், இரட்டை விலை தருவாராம். எதற்கென்று எனக்கே தெரிகிறது. உள்ளே நவசாரம் போட்டுக் காய்ச்சிய கள்ளச்சாராயம், வெளியே ஸ்காட்லாந்து.

செல்லம்மாள் அந்த ஸ்காட்ச் பாட்டில்களைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்குகிறாள். லேபிள்கள் ஒவ்வொன்றாகக் கழன்று மிதக்கின்றன.

"திருட்டுப் பாட்டில்னு போலீஸ்ல சொல்லிருவேன்" என்று அவர் கத்துகிறார்.

"கூட்டிட்டு வாரும்வே. அவங்க முன்னால உம்ம கைய மோந்து பாத்து, எந்த அடுப்புல காய்ச்சுனதுன்னு நான் சொல்லுதேன்."

அவர் இரண்டு கைகளையும் பாக்கெட்டில் நுழைத்துக்கொண்டு வெளியேறுகிறார்.