எட்டாவது ஆள்

இந்த ஊரில் எந்த நிகழ்ச்சிக்குப் போனாலும் முதல் வரிசை ஓரத்தில் ஒரு அம்மா உட்கார்ந்திருப்பாள். நகர மன்றத்தில் நாடகமா, நூலக மாடியில் கவிதை வாசிப்பா, பள்ளிக்கூட வராந்தாவில் யாரோ வரைந்த நாலு படத்தை மாட்டி வைத்திருக்கிறார்களா, எங்கேயும் வருவாள். மடியில் துணிப்பை, காலில் ரப்பர் செருப்பு. கவிதை ஒரு வரிகூடப் புரியாது. புரியாவிட்டாலும் எழுந்து போகமாட்டாள். மற்றவர்கள் கைதட்டினால் அவளும் தட்டுவாள். யாருமே தட்டாமல் விட்டால் தனியாக ஒருமுறை தட்டிவிட்டுப் பையை எடுத்துக்கொள்வாள்.

அவளுக்குக் கலைப் பித்து என்று ஊரில் பேச்சு. கலைச் சங்கத்துக்காரர்கள் ஒருநாள் வீடு தேடி வந்து, மேடையில் ஏற்றிப் பாராட்டப்போகிறோம் என்றார்கள். "எனக்கு எதுக்குய்யா? நான் பசை தடவினவ. போய் வேற வேலை இருந்தா பாருங்க" என்று வாசலோடு அனுப்பிவிட்டாள். பித்தும் இல்லை, பக்தியும் இல்லை. விஷயம் வேறு.

அவள் பசையக்கா. சுவரொட்டி ஒட்டுவதுதான் அவள் தொழில். இருபத்தாறு வருடம் விடியற்காலையில் சைக்கிளில் வாளியைத் தொங்கவிட்டுக்கொண்டு கிளம்பியவள். மைதா மாவைக் கட்டி தட்டாமல் கிண்டி, பூச்சி அரிக்காமலிருக்கக் கொஞ்சம் மயில்துத்தம் சேர்ப்பாள். நூலகச் சுவர் பசையைக் குடிக்கும், அதற்கு இரண்டு தடவை தடவ வேண்டும். மன்றத்துச் சுவர் வழுவழு, ஒரு தடவை போதும். தாளின் மேல் விளிம்பை முதலில் வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்குத் துடைப்பத்தை இழுத்தால் ஒரு சுருக்கம் விழாது. எழுத்து தெரியாது. ஆனால் எண் தெரியும். அந்த எண்ணில்தான் அவள் தொழில் தர்மம் இருந்தது. தேதி தாண்டாத தாளை மூடக் கூடாது. எவ்வளவு பெரிய ஆள் வந்து கெஞ்சினாலும், "அவன் நிகழ்ச்சி முடியட்டும், அப்புறம் வா" என்பாள்.

"இந்த ஊர்ல பாட்டோ கூத்தோ, என் பசை காஞ்ச பிறகுதான் ஆரம்பம்" என்று பெருமை பேசுவாள். ஆனால் அந்த நாளில் ஒரு நிகழ்ச்சிக்குக்கூட உள்ளே போனதில்லை. கேட்டால், "அதான் சுவத்துலேயே பாத்துட்டேனே, உள்ள என்ன புதுசா காட்டப் போறாங்க?" என்பாள்.

அவளுக்கு ஒரே தம்பி. எட்டு வயது இளையவன். அம்மா இல்லாத வீட்டில் இவள்தான் குளிப்பாட்டி, தலைவாரி, பள்ளிக்கு அனுப்பி வளர்த்தாள். கடைத்தெருவில் ஒரு பெட்டிக்கடை அளவு இடத்தில் கடிகாரம் பழுது பார்த்தான். ஒற்றைக் கண்ணில் உருப்பெருக்கும் கண்ணாடிக் குப்பியை இடுக்கிக்கொண்டு நாள் முழுக்கக் குனிந்திருப்பவன் என்ன நினைக்கிறான் என்று யாருக்கும் தெரியாது. அவன் ஒரு நாடகம் எழுதிவிட்டான். ஒரு வீட்டில் மூன்று கடிகாரம், மூன்றும் மூன்று மணி காட்டும். புருஷன், பெண்டாட்டி, மாமனார் ஆளுக்கொன்றை நம்பிச் சண்டை போடுவார்கள். சிரிப்பு நாடகம். நண்பர்கள் நாலுபேரைச் சேர்த்துக்கொண்டு, ஒரு மரக்கிடங்கில் மூன்று மாதம் ஒத்திகை பார்த்து, நகர மன்றத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு இடமும் வாங்கிவிட்டான். பதினெட்டாம் தேதி.

நாடகம் போடுவது அக்காவுக்குத் தெரியும். சோறு போடும்போது அவனே சொல்லியிருந்தான். எப்போது தாளைக் கொண்டுவந்து கொடுப்பான் என்று அவள் காத்திருந்தாள். எந்தச் சுவர், எந்த மூலை என்றெல்லாம் மனதுக்குள் இடம் பிடித்தும் வைத்திருந்தாள். அந்த வாரத் தொடக்கத்தில் ஒரு காலை மன்றத்துப் பக்கம் போகிறாள், சுவரில் தம்பியின் சுவரொட்டி. கையால் வரைந்தது, நீல மையில் மூன்று கடிகாரம். கோணலாக, நாலு மூலையில் மட்டும் கடைப் பசை வைத்து ஒட்டியிருந்தது. நூலகத்தில் ஒன்று, பேருந்து நிலையத்தில் மூன்று. ஊர் முழுக்க நாற்பது. எல்லாம் அவளுடைய சுவர். அவளைக் கேட்காமல்.

மன்றத்துக் காவல்காரர் வாய் சும்மா இருக்குமா? "என்னம்மா, ஊருக்கெல்லாம் நீ ஒட்டுறே, உன் தம்பி மட்டும் தானே ஒட்டிக்கிட்டான்? உன் கை சரியில்லைனு யாராச்சும் சொல்லிட்டாங்களா?"

"உன் கதவைப் பாத்துப் பூட்டு, போதும்" என்று சொல்லிவிட்டாள். ஆனால் அந்தப் பேச்சு முள்ளாகத் தைத்துவிட்டது. வளர்த்த கை இது. இந்தக் கை வேண்டாம் என்று ஆகிவிட்டதா? ஒத்திகை மும்முரத்தில் அவன் அந்த வாரம் வீட்டுப் பக்கமே வரவில்லை. போய்க் கேட்டிருக்கலாம். கடை எங்கே, பத்து நிமிட நடை. ஆனால் அவள் பிடிவாதக்காரி. நான் ஏன் போக வேண்டும், அவன் வரட்டும் என்று இருந்துவிட்டாள்.

வியாழக்கிழமை ஒரு மாயாஜாலக்காரரின் ஆட்கள் அவசரமாக வந்தார்கள். பள்ளி மைதானத்தில் சனிக்கிழமை, பதினேழாம் தேதி காட்சி. எட்டுத் தாளை இணைத்து ஒட்டும் பெரிய சுவரொட்டி. தொப்பியும் புறாவுமாக ஒரு முகம். வேறு நாளாக இருந்தால், "இடமில்லை, சந்தில் ஒட்டுறேன்" என்றிருப்பாள். அன்று வாங்கிக்கொண்டாள்.

மன்றத்துச் சுவர் முன்னால் நின்றாள். தம்பியின் தாள் காற்றில் படபடத்தது. இது எப்படியும் நாளைக்குப் பிய்ந்துவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். துடைப்பத்தை வாளியில் முக்கினாள். மூன்று கடிகாரத்தின் மேலும் பசை ஓடியது, நீல மை கரைந்தது. முதல் சுவரில்தான் தயக்கம். பிறகு நூலகம், பிறகு பேருந்து நிலையம். நனைந்த துடைப்பத்துக்கு என்ன தெரியும்? நாற்பதில் முப்பத்தொன்று மூடிவிட்டாள்.

தம்பி கெட்டுப் போகட்டும் என்று அவள் நினைக்கவில்லை. மத்தியானத்துக்குள் அவன் பார்ப்பான், கோபமாக ஓடிவருவான், "என்னக்கா இப்படிப் பண்ணிட்டே?" என்று கத்துவான், "என்னைக் கேட்டியாடா?" என்று இவள் கத்துவாள். பிறகு சிரிப்பு வரும். அவன் மிச்சத் தாளை எடுத்துக்கொடுப்பான், ஒரே காலையில் ஊர் முழுக்கச் சுருக்கமில்லாமல் ஒட்டிக்கொடுப்பாள். இதுதான் கணக்கு. அதற்காகவே இரண்டாவது வாளியில் புதுப்பசை காய்ச்சி மூடி வைத்தாள்.

அவன் வரவில்லை. கடையைச் சாத்திவிட்டு மரக்கிடங்கே கதியென்று கிடந்தான். சுவரைப் பார்க்க அவனுக்கு நேரம் ஏது? வெள்ளி போயிற்று, சனி போயிற்று. பசை புளித்து நாற்றம் எடுத்தது. ஞாயிறு காலையிலாவது எழுந்து போயிருக்கலாம். போகவில்லை.

அன்று மாலை மன்றத்துக்கு எதிரே மருந்துக்கடை வாசலில் நின்றாள். தம்பியும் நண்பர்களும் சாமான்களோடு பின்வாசல் வழியாக எப்போதோ உள்ளே போயிருந்தார்கள். உள்ளே போகிறவர்களை எண்ணினாள். ஒரு தம்பதி. பிறகு மூன்று கல்லூரிப் பிள்ளைகள். கைத்தடியோடு ஒரு பெரியவர். மழை வரும்போல இருக்கிறதே என்று ஒதுங்கியவர் ஒருவர். ஏழு பேர். கதவு சாத்திய பிறகும் நின்றாள். எந்த முகத்தோடு போவது? வீட்டுக்குத் திரும்பிவிட்டாள்.

முன்னூறு நாற்காலியில் ஏழு பேர் உட்கார்ந்தால் சிரிப்பு நாடகத்துக்கும் சிரிப்பு வராது. பக்கத்தில் ஆள் இருந்தால்தானே வாய்விட்டுச் சிரிக்கலாம்? "பாவம்மா, கண்ணாடி கூண்டுக்குள்ள பேசற மாதிரி பேசினாங்க" என்று காவல்காரர் மறுநாள் சொன்னார். தம்பி மூன்று அட்டைக் கடிகாரத்தையும் மரக்கிடங்கில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு, கண்ணில் குப்பியை இடுக்கிக்கொண்டு கடையில் உட்கார்ந்தான். அதன்பிறகு அவன் கையில் பேனா எடுத்தது ரசீது எழுதத்தான். காட்சி முடிந்துவிட்டதால் சுவரில் அவன் தாள் இல்லாததைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை.

சொல்லிவிட வேண்டும் என்று எத்தனையோ தடவை வாயைத் திறந்தாள். அவன் கல்யாணத்தின்போது, நல்ல நாளில் வேண்டாம் என்று விட்டாள். அவன் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தபோது, இப்போது வேண்டாம் என்றாள். வேண்டாம் வேண்டாம் என்றே இருபத்திரண்டு வருடம் ஓடிவிட்டது.

சாலையை அகலமாக்க மன்றத்துச் சுவரை இடிக்கப் போகிறார்கள் என்று காவல்காரர்தான் சொல்லி அனுப்பினார். அவருக்கும் இவளுக்கும் முடி நரைத்துவிட்டது. சுவரொட்டித் தொழிலை அவள் விட்டே ஆறு வருடம். அந்தச் சுவரில் ஒட்டிய தாளெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக இறுகி, மூன்று விரல் தடிமனுக்குப் பலகைபோல நின்றது. அதற்குள் எங்கோ தம்பியின் தாள் இருக்கிறது. இயந்திரம் வந்தால் அதுவும் போகும். எடுத்துக் காயவைத்து அவன் கையில் கொடுத்துவிட்டால் போதும் என்று நினைத்தாள். எப்படி மூடிற்று என்று சொல்ல வேண்டியதில்லை.

வெந்நீரும் பழைய துணியும் தகடுமாகப் போய், சுவரை நனைத்து ஓரத்திலிருந்து அறுக்கத் தொடங்கினாள். போன வருடப் பாட்டுப் போட்டி வந்தது. அதற்கடியில் பூச்செடிக் கண்காட்சி, அதற்கடியில் யாரோ வயலினோடு நின்றார். பத்து மணிக்குத் தம்பி வந்துவிட்டான்.

"என்னக்கா பண்றே நடுத்தெருவுல?"

"ஒண்ணுமில்ல. நீ போய்க் கடையைப் பாருடா."

"இந்த வயசுல சுவத்தோட மல்லுக்கட்டறே, நான் கடையைப் பாக்கவா? தள்ளு. தகட்டை இப்படிப் பிடிச்சா கிழியும்."

"போடான்னா போ!"

"நீ சொல்லி நான் என்னிக்குப் போயிருக்கேன்?"

அவன் விரல்கள் நுட்பமானவை. ஒவ்வொரு தாளையும் கிழியாமல் உரித்து எடுத்தான். வருடங்கள் கீழே குவிந்தன. அவள் தகட்டைக் கீழே வைத்துவிட்டாள். தொப்பி வந்தது, புறா வந்தது, தேதி வந்தது. பதினேழு. அந்தத் தாளை அவன் மெதுவாக மடித்து இறக்கினான். அதன் முதுகில் நீலம் படிந்திருந்தது. அடியில் மூன்று கடிகாரம். கீழே அவன் கையெழுத்தில், பதினெட்டு.

எது மேலே இருந்தது, எது கீழே இருந்தது என்று பார்த்துப் பார்த்துக் கழற்றுவதே தொழிலாக உள்ளவன். பதினேழாம் தேதித் தாள் பதினெட்டின் மேல் எப்போது ஏறியிருக்க முடியும் என்று அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"இது நீ ஒட்டினதுதானே?"

"ஆமா."

"நாடகத்துக்கு முன்னாடியேவா?"

"வியாழக்கிழமை. நீ என்னைக் கேக்காம ஒட்டிட்டியேன்னு கோவம். நீ வந்து சண்டை போடுவேன்னு இருந்தேன்டா. புதுப்பசைகூடக் காச்சி வச்சிருந்தேன்."

அவன் கடிகாரங்களின் மேல் ஒட்டியிருந்த பிசிறை நகத்தால் எடுத்தான். "அந்த மாசம் உனக்குத் தோள்வலி. கையைத் தூக்க முடியாம தலைகூடச் சீவிக்க மாட்டே. உன்கிட்ட கொடுத்தா நீ வலியோட நாப்பதையும் ஒட்டுவேன்னுதான் கொடுக்கலை."

அவளுக்குத் தோள்வலி இருந்ததே மறந்துபோயிருந்தது.

"ஊருக்கு என்னைப் பிடிக்கலைன்னு நினைச்சேன்கா" என்றான். "இத்தனை வருஷமும் அப்படித்தான் நினைச்சுக்கிட்டு இருந்தேன்."

"அன்னிக்கு எதிர்க்கடையில நின்னு பாத்தேன்டா. ஏழு பேர் போனாங்க."

தம்பி திரும்பினான். அதுவரை வராத கோபம் அப்போதுதான் வந்தது. "நின்னியா? அவ்வளவு தூரம் வந்துட்டு வாசல்லயே நின்னியா? தாளை மூடினதை விடு. உள்ள வந்திருக்கலாமேக்கா. எட்டு பேர் ஆகியிருக்கும்."

சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விட்டான். தாளை எடுத்துக்கொள்ளவில்லை. அவள்தான் சுருட்டிக்கொண்டு போனாள். இரண்டு நாளில் சுவரை இடித்தார்கள்.

அன்றிலிருந்துதான் அவள் நிகழ்ச்சிகளுக்குப் போகத் தொடங்கினாள். வாசலில் நிற்பதே இல்லை, நேரே முதல் வரிசைக்கு. எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்று திரும்பி எண்ணுவாள். குறைவாக இருந்தால் நாற்காலியை இன்னும் முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்வாள். நாடகக்காரன் வேடிக்கையாக ஏதாவது சொன்னால், புரிந்தாலும் புரியாவிட்டாலும் முதலில் சிரிப்பது அவள்தான். பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஒரு துணை வேண்டுமே.

தம்பி பேச்சை நிறுத்திவிடவில்லை. வீட்டுக் கடிகாரம் நின்றால் வந்து சரிசெய்வான், சாப்பிடுவான். அந்த விஷயத்தை மட்டும் தொடமாட்டான். மறுநாள் காலை அவன் கடைப்பலகையில் போய் உட்கார்ந்து, முந்தின நாள் பார்த்ததைச் சொல்வாள். யார் பாடினார்கள், எங்கே ஒலிபெருக்கி கரகரத்தது, எந்தப் படத்தில் குதிரைக்கு ஐந்து கால் மாதிரித் தெரிந்தது. அவன் தலை நிமிராமல் பல்சக்கரத்தைத் துடைத்துக்கொண்டிருப்பான். கேட்கிறானா இல்லையா என்று தெரியாது. ஐந்து வருடமாக இப்படித்தான்.

போன மாதம் கல்லூரிப் பிள்ளைகள் போட்ட ஒரு நாடகத்தைப் பற்றிச் சொன்னாள். வீட்டை விட்டு ஓடிய மகன் திரும்பி வருகிறான், அப்பா கதவைத் திறக்கிறார், கட்டிக்கொள்கிறார்கள், திரை விழுகிறது. சொல்லிவிட்டுப் பையை எடுத்தாள்.

"அப்படி முடிச்சிருக்கக் கூடாது" என்றான் தம்பி.

கண்ணில் குப்பி அப்படியே இருந்தது. கையில் இடுக்கி நின்றுவிட்டது. வேற எப்படிடா முடிப்பே என்று கேட்க வேண்டும். கேட்டால் சொல்வானோ, அதற்கு மேல் வாயை மூடிக்கொள்வானோ. வாயைத் திறந்தாள். அதற்குள் யாரோ ஒருவர் ஓடாத கைக்கடிகாரத்தை நீட்டிக்கொண்டு வந்து நின்றார். தம்பி அதை வாங்கிக் காதருகே வைத்துக் கேட்டான்.

அவள் இறங்கி நடந்தாள். மறுநாளும் போனாள். அதைப் பற்றி அவனும் பேசவில்லை, அவளும் கேட்கவில்லை. சுருட்டி வைத்த தாள் அவள் அலமாரிக்கு மேல் இன்னும் இருக்கிறது.