ஹீட்டர் பிளக் மாற்ற வந்தவர்

அந்த மெக்கானிக்கை நினைத்தால் இன்றும் எனக்கு ஆத்திரம் வருகிறது. அவர் மேல் அல்ல, என் மேல்.

வேங்கிக்காலில் வீட்டுக்கே வந்து கார் பார்ப்பார். ஒல்லியான மனிதர். கழற்றிய சாமான் எதுவானாலும் துடைத்துவிட்டுத்தான் கீழே வைப்பார். ஒரு மார்கழிக் காலையில் என் பழைய டீசல் கார் கிளம்பவில்லை. குளிரில் என்ஜினைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக்குகள் போய்விட்டன என்றார்.

"தள்ளி ஸ்டார்ட் பண்ணிடலாம் சார். என்ஜின் சூடானா பிளக் சுலபமா வரும். ஜில்லுனு இருக்கும்போது திருகினா உடைஞ்சிடும்."

"நான் தெருவுல வண்டி தள்ளணுமா? ஸ்கூலுக்கு நேரமாச்சுய்யா, கழட்டு."

அவர் பிளக்கைச் சுற்றி எண்ணெய் விட்டு, ஊறட்டும் என்று கை கழுவப் போனார். பொறுக்காமல் நானே ஸ்பேனரை எடுத்துத் திருகினேன். பிளக் முறிந்து, பாதி என்ஜினுக்குள் சிக்கிக்கொண்டது.

சத்தம் கேட்டு எதிர்வீட்டுக்காரர் வந்தார். "இந்த ஆளு உடைச்சிட்டான்" என்றேன்.

"நானா சார்? வாய் கூசாம சொல்றீங்களே! இந்தத் தெருவுல இனிமே என்னை எவன் கூப்பிடுவான்?"

"என் வண்டிய அப்புறம் பாத்துக்கலாம்பா" என்று எதிர்வீட்டுக்காரர் நழுவினார்.

மெக்கானிக் முறிந்த துண்டைத் துடைத்து என் கையில் வைத்தார்.

"சூட்டுல இரும்பு விரியும்னு பசங்களுக்கு நீங்கதான சார் பாடம் நடத்துறீங்க?"

அதன்பிறகும் எட்டு வருடம் அந்தப் பாடத்தை நடத்தினேன், கரும்பலகையைப் பார்த்தபடியே.