கண்ணால் பார்த்து வைக்கச் சொன்ன கிளட்ச்

கிளட்ச் வேலையில் பாதி நேரம் வண்டியோடு மல்லுக்கட்டு, மீதி நேரம் வண்டிக்காரரோடு. மரக்காணத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் எனக்கு உப்பு லாரிகள்தான் வாடிக்கை. கியர்பாக்ஸை நெஞ்சில் தாங்கிப் படுத்திருக்கும் சக மெக்கானிக்குகளே, போன ஐப்பசியில் ஒரே ஒரு மினி லாரியிடம் நான் பட்டதைக் கேளுங்கள்.

கண்ணு இருக்குதுல்ல?

முருகையன் அண்ணனுக்கு உப்பளம் உண்டு, இருப்பது ஒரே லாரி. பாத்தியோரம் உப்பு அம்பாரமாகக் குவிந்து கிடக்கிறது, கடல் பக்கம் மேகம் கறுக்கிறது, லாரியில் கிளட்ச் கருகிவிட்டது. மழைக்குள் உப்பை எடுக்காவிட்டால் வருஷம் முழுக்கப் பட்ட பாடு கரைந்துபோகும். அவர் பதற்றம் எனக்கும் புரிந்தது.

புது கிளட்ச் பிளேட்டின் நடுத்துளையில் டம்மி ஷாஃப்ட்டைச் செருகினேன். பழைய கியர்பாக்ஸின் ஷாஃப்ட்டை அறுத்து நானே செய்தது. அதன் நுனி எஞ்சினோடு சுழலும் ஃப்ளைவீலின் நடுவில் உள்ள பேரிங்கில் உட்கார்ந்தால்தான் பிளேட் சென்டரில் நிற்கும். பிளேட் நகக்கண் அளவு இறங்கினாலும் கியர்பாக்ஸின் ஷாஃப்ட் அதற்குள் போகாது. இதையெல்லாம் பொறுமையாகத்தான் விளக்கினேன். அண்ணன் சொன்னார்: "ஏம்பா, கண்ணு இருக்குதுல்ல? பார்த்து வெச்சு முடுக்கிட்டுப் போவியா!"

இன்னும் ஒரு இன்ச்

போல்ட்டுகளைக் கையால் மட்டும் முடுக்கிவிட்டு, யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டு, கூடவே மாற்ற வேண்டிய ரிலீஸ் பேரிங்கை வாங்கப் போனேன். திரும்பி வந்தால் கியர்பாக்ஸ் மேலே ஏறியிருக்கிறது! டிரைவர் அந்தோணி எனக்கு உதவி செய்கிறாராம். ஷாஃப்ட்டை உருவி, போல்ட்டுகளை இறுக்கி, அண்ணனையும் சேர்த்துக்கொண்டு தூக்கியிருக்கிறார். பிளேட் இறங்கிப்போனதில் கியர்பாக்ஸ் முழுசாக உட்காரவில்லை. அதை நீளமான போல்ட் போட்டு இழுத்துக்கொண்டிருந்தார். அப்படி இழுத்தால் புது பிளேட்டின் நடுப்பாகம் கோணிவிடும். வந்த ஆத்திரத்தில் ஸ்பானரைப் பிடுங்கி எறிந்தேன். நல்லவேளை, பிளேட் தப்பித்தது.

ஷாஃப்ட்தான் தப்பிக்கவில்லை. லாரியின் அடிச்சட்டத்தில் பாறையாகக் கட்டியிருந்த உப்பைப் பெயர்க்க, அதை உளியாகப் பிடித்துச் சுத்தியலால் அடித்திருக்கிறார். நுனி நசுங்கி விரிந்துவிட்டது, இனி எந்தப் பேரிங்கிலும் நுழையாது. அந்தோணி சொன்னார்: "சும்மாதானேண்ணே சொருகி இருந்துச்சு! கோச்சுக்காத, இன்னும் ஒரு இன்ச்சுதான் பாக்கி."

கொம்பு

வேறு ஷாஃப்ட் தேடிப் புதுச்சேரி போய்வர நேரமில்லை. லாரியில் கிடந்த உப்பு வாரும் பலகையின் கைப்பிடிக் கொம்பை அறுத்தேன். நுனியைப் பேரிங் அளவுக்குச் சீவி, அதற்கு மேல் பிளேட் துளையின் அளவுக்கு டேப் சுற்றி, கியர்பாக்ஸை இறக்கி, போல்ட்டுகளைத் தளர்த்தி, மறுபடி சென்டர் பார்த்து இறுக்கினேன். அண்ணன் மேகத்தையும் என் கையையும் மாறி மாறிப் பார்த்தார். கியர்பாக்ஸ் ஒரே தள்ளில் போய் உட்கார்ந்தது.

சாயங்காலம் கடைசி லோடு கொட்டகைக்குள் போன பிறகுதான் மழை பிடித்தது. எனக்கும் சந்தோஷம்தான். மறுநாள் டீக்கடையில், நான் பக்கத்தில் நிற்கும்போதே அண்ணன் நாலு பேரிடம் சொன்னார்: "ஷாஃப்ட்டாவது ஒண்ணாவது! ஒரு கொம்பை விட்டு முடிச்சிட்டான். அதெல்லாம் தேவையில்லன்னு நான் அப்பவே சொன்னேன்!"

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள், அந்த உப்பையே கரையாமல் காப்பாற்றியவனை மழை விடும்வரைகூட யாரும் நினைப்பதில்லை.